ஈரத்துக்கு இரண்டு கிலோ

நாலு கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டால் குப்பை வண்டிக் கௌசு ஏதாவது கேட்பாளோ... கேட்கட்டும், கேட்டால் வெயில் காலம் என்று சொல்லிக்கொள்ளலாம், மீன மாதத்து வெயிலில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை, உள்ளே போனதெல்லாம் கீழ்வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்று கார்ப்பரேஷன் சட்டமா போட்டிருக்கிறது... ரோசிலி டயப்பர் அடைத்த மஞ்சள் கவரின் வாயை முறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டு, போர்ட்டிகோவில் தொங்கிய கொக்கித் தராசில் மாட்டினாள். கவர் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி நின்றது. முள் நாலைத் தொட்டது, நடுங்கியது, ஒரு கோடு கீழே போய் நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்தை முள்ளருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தாள். நாலு இல்லை. மூணேமுக்காலுக்கும் நாலுக்கும் நடுவில். போன செவ்வாய்க்கிழமை ஐந்து. அதற்கு முந்தின வெள்ளி ஐந்தரை. எட்டேகாலில் ஆரம்பித்த மனிதர் ஆறே வாரத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டார்... மனிதர் இல்லை, கவர். கவரைத்தானே நிறுக்கிறார்கள். உள்ளே அறையிலிருந்து குரல் வந்தது. தா. புருஷன் லோனப்பனுக்கு மிச்சம் இருக்கிற ஒரே சொல் அதுதான், பக்கவாதம் வந்து வாய் கோணிய அன்று மற்ற எல்லாச் சொல்லும் போய்விட்டது, இது ஒன்று மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அதுவும் எப்படிப்பட்ட சொல், நாற்பத்தைந்து வருஷமாக யாருக்கும் எதையும் முழுசாகத் தராத மனிதரின் வாயில், தா. "இருங்க, வண்டி வர்ற நேரம்," என்று அவள் கேட்டைப் பார்த்தபடியே சொன்னாள். வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

தராசு அவருடையதுதான். ரயில்வே கேட் பக்கத்தில் பழைய பேப்பர் கடையும் காயலான் கடையுமாக ஒன்றை முப்பத்தெட்டு வருஷம் நடத்தி, கை நடுங்க ஆரம்பித்ததும் விற்று, விற்ற அன்று வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே சாமான். இது எதுக்கு வீட்டுல, என்று இவள் கேட்டதற்கு, சரியான தராசு, விடக்கூடாது, என்றார். தராசு சரிதான், யார் இல்லையென்றது, கட்டைவிரல்தான் சரியில்லை. பேப்பர் கட்டைக் கொக்கியில் மாட்டுவதற்கு முன்னால் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்குவார், பழம் பழுத்துவிட்டதா என்று பார்ப்பது போல, அமுக்கிவிட்டுக் கணக்குப்பிள்ளையைப் பார்ப்பார். "நனைஞ்சிருக்கு. ஈரத்துக்கு ரெண்டு கிலோ தள்ளு." மழைக்காலத்தில் சொன்னால் சரி, கிணறெல்லாம் வற்றிக் கிடக்கிற கோடையிலும் அதே ரெண்டு கிலோ. "முதலாளி, மழை பாத்தே மூணு மாசமாச்சு, எங்கேருந்து வந்துச்சு ஈரம்?" "ஒன் வேர்வதான், வேற என்ன." கடையில் எல்லாரும் சிரிப்பார்கள், கட்டைச் சுமந்து வந்தவளும் சேர்ந்து சிரிப்பாள், சிரிக்காமல் வேறெங்கே கொண்டுபோய் விற்பது... கௌசுவின் அம்மா அப்படிச் சிரித்தவர்களில் ஒருத்தி. மதியச் சாப்பாடு கொண்டுபோகிற போதெல்லாம் ரோசிலி பார்த்திருக்கிறாள், பல் இல்லாத வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் மகள் கௌசு இப்போது பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கேட்டில் ஒட்டியிருக்கிற கட்டம் கட்டமான ஸ்டிக்கரை ஃபோனில் படம் பிடித்து, கார்ப்பரேஷன் கொடுத்த எலெக்ட்ரானிக் தராசில் முதலாளியின் மூத்திரத்தை நிறுத்துக் காசு வாங்கிக்கொண்டு போகிறாள். முதல் நாளே சொன்னாள், சிரிக்காமல்தான் சொன்னாள், "ஈரத்துக்குத் தள்றதெல்லாம் இப்பக் கெடையாது சேச்சி. ஈரத்துக்குத்தான் காசே."

முன்னாலெல்லாம் இந்தத் தொல்லை ஏது. மாதம் ஐம்பது ரூபாய், எதைப் போட்டாலும் ஐம்பது, பால் கவரும் மருந்து அட்டையும் அறுந்த செருப்பும் இவருடைய டயப்பரும் எல்லாம் அந்த ஐம்பதுக்குள்ளே அடக்கம். புது வருஷத்தில் நோட்டீஸ் வந்தது, இனிமேல் வீட்டுக்கு நூறு, டயப்பர் மாதிரி எரிக்க வேண்டிய சமாசாரமெல்லாம் தனி மஞ்சள் கவரில், செவ்வாயும் வெள்ளியும், கிலோவுக்கு அறுபது. நோட்டீஸின் அடியில் பெரிய எழுத்தில் எப்போதும் இருக்கிற வரியும் இருந்தது, கழுவி உலர்த்தித் தரவும். இந்த ஊரில் அதைச் சொல்லித் தரவேண்டியதே இல்லை, பால் கவரைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயப்போடுவது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது, கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் கூடப் பெண்கள் ஐஸ்கிரீம் கப்பைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். அதனால் ரோசிலியும் கழுவினாள். யாராவது நம்புவார்களா... அறுபத்தொன்பது வயசுக்காரி, பத்தாம் வகுப்பு வரை படித்தவள், தோட்டத்துக் குழாயடியில் உட்கார்ந்து டயப்பரைக் கழுவினாள். கழுவக் கழுவ அது வீங்கியது. அலச அலசத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனது, ஓரம் கிழிந்து உள்ளேயிருந்து ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கொழகொழவென்று வந்து குழாயடி முழுக்கப் பரவியது, பிழிந்தால் பிழியவும் வரவில்லை, மாடியில் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாகக் காயப்போட்டாள், காக்கா ஒன்றைக் கொத்திக்கொண்டுபோய் அடுத்த வீட்டுக் கார்மேல் போட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை கௌசுவின் தராசு பதினாலு கிலோ காட்டியது. "என்ன சேச்சி இது, முதலாளி கிணத்தையே குடிச்சுட்டாரா?" "கழுவித் தரணும்னு நீங்கதானே நோட்டீஸ் போட்டீங்க." கௌசு கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது, அவளோடு வந்த இன்னொருத்தி வண்டிமேலேயே சாய்ந்துவிட்டாள். பதினாலு கிலோ, எண்ணூற்று நாற்பது ரூபாய். ஆனால் அன்றைக்குத்தான் ரோசிலிக்குப் புரிந்தது... எடை என்பது வேறொன்றுமில்லை, தண்ணீர். டயப்பர் காற்று மாதிரிதான் இருக்கிறது, தண்ணீர்தான் கனம். எவ்வளவு சின்ன விஷயம், இது தெரியாமலே ஒருத்தி எழுபதை எட்டியிருக்கிறாளே.

அதைத்தான் வார்டு கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். வாசகசாலை ஹாலில் நூறு பேர் இருப்பார்கள், கட்டண உயர்வைப் பற்றி ஆண்கள் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், தெருவிளக்குக்கும் கொசுவுக்கும் போய்விட்டார்கள், யார் தள்ளிவிட்டது என்று தெரியவில்லை, இவள் எழுந்துவிட்டாள். "எனக்கு ஒண்ணு கேக்கணும். என் வீட்டுல எழுந்திரிக்க முடியாத ஒரு ஆள் கெடக்கறாரு. நீங்க நிறுக்கறது டயப்பர இல்ல, அவர் குடிச்ச தண்ணிய. குழாயில வர்றப்ப தண்ணிக்கு ஒரு காசு வாங்கறீங்க, அது அவரு வயித்துக்குள்ள போய்ட்டு வெளிய வந்தா அதுக்கு ஒரு காசா? ஒரே தண்ணிக்கு ரெண்டு தரமா?" ஹாலே கை தட்டியது. பின் வரிசையில் யாரோ, அப்படிப் போடு சேச்சி, என்றார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக இவளுக்காக நூறு பேர் கை தட்டினார்கள், கழுத்து வரைக்கும் சூடு ஏறியது, அந்தச் சூடு நன்றாக இருந்தது. கவுன்சிலர் நெல்சன் இளவட்டம், பேச்சை எங்கே திருப்பவேண்டும் என்று தெரிந்தவன், மைக்கை வாங்கிக்கொண்டு சொன்னான், "சேச்சி சொல்றது நியாயம். எரிக்கிற கம்பெனிக்காரன் எடைக்குத்தான் வாங்கறான், நான் என்ன பண்ண? மேல கேட்டுப் பாக்கறேன். அது வரைக்கும் ஒண்ணு செய்யுங்க, லோனப்பேட்டனுக்குத் தண்ணியக் கொஞ்சம் கொறைங்க." அதற்கும் ஹாலே சிரித்தது, கை தட்டின அதே நூறு பேர். ரோசிலியும் சிரித்தாள், பல்லெல்லாம் தெரிய. வெளியே வருகிறபோது மேரிக்குட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "லோனப்பேட்டன் குடுத்து வெச்சவரு சேச்சி, யாரு இப்படி வாதாடுவா புருஷனோட மூத்திரத்துக்கு," என்றாள். அப்போது இவள் மனசில் எதுவும் இல்லை, சத்தியமாக இல்லை... இருந்ததா? வீட்டுக்கு வரும் வழியில் பேட்டரி வாங்கினாள், வெற்றிலை வாங்கினாள், வேறெதையும் நினைத்த ஞாபகம் இல்லை. நெல்சன் சொன்னதுதான். அவன் சொல்லியிராவிட்டால் தோன்றியே இருக்காது.

தா. மறுபடியும். இப்போது குரல் உலர்ந்த பனை ஓலை மாதிரி இருந்தது. ரோசிலி கவரைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கேட்டோரம் வைத்துவிட்டு, கையைக் கழுவி, கொடியில் காய்ந்த பால் கவர்களைக் கழற்ற ஆரம்பித்தாள். தண்ணீர் தராமல் ஒன்றும் இல்லையே, தருகிறாள், யார் கேட்டாலும் சொல்வாள், வேளாவேளைக்குத் தருகிறாள். டாக்டர் ஒன்றரை லிட்டர் என்றார், பெரிய கண்ணாடி டம்ளரில் ஆறு. முதல் வாரம் ஐந்து கொடுத்தாள், டாக்டர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள். அப்புறம் நாலு. ஒரு நாள் மகள் ஜின்சி விட்டுப்போன நகப்பாலிஷ் அலமாரியில் கிடந்தது, சிவப்பு, இன்னும் காயவில்லை, டம்ளரின் பாதிக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு போட்டாள். ஏன் போட்டாள்... அளவு வேண்டாமா, கண் மங்கலாக இருக்கிறது, கை நிதானம் போய்விட்டது, ஒரு நாள் கூடுதலும் ஒரு நாள் குறைவுமாகப் போய்விடக் கூடாதே. கோடு வரைக்கும் நாலு தடவை. அப்புறம் கோடு வரைக்கும் மூன்று. பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர், இளஞ்சிவப்பாக இருக்கும், கோடு எது தண்ணீர் எது என்று சில நேரம் தெரியாது. ஸ்பூனால் கொடுப்பாள், ஒவ்வொரு ஸ்பூனுக்கும் அவர் வாய் குஞ்சுப் பறவை மாதிரி திறக்கும், கடைசி ஸ்பூனுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். வரவரக் கவரின் நாற்றம்தான் கூடிவிட்டது, எடை குறையக் குறைய நாற்றம் கெட்டிப்படுகிறது, பால் விடாத கட்டன் சாயா நிறத்தில்... நல்லவேளை, நாற்றத்துக்குக் கார்ப்பரேஷன் காசு வாங்குவதில்லை.

காசு. காசா பெரிசு? ஜின்சி அயர்லாந்தில் நர்ஸ், மாசம் பிறந்தால் பணம் வந்துவிடுகிறது, கேட்டதற்கு மேலேயே வருகிறது, கட்டணம் ஏறினதைச் சொன்னபோது ஃபோனில் சிரித்தாள், "அம்மே, இதுக்கா மைக் புடிச்சுப் பேசினீங்க? நான் அனுப்பறேன், கெடக்கட்டும்." கெடக்கட்டும், என்று சொல்ல அவளுக்கு எளிது. பணம் இருக்கிறது என்பதற்காக அநியாயத்துக்கு அறுபது ரூபாய் கொடுக்க முடியுமா, இது கொள்கை விஷயம், கூட்டத்தில் நூறு பேர் கை தட்டின விஷயம்... ஆனால் இந்த ஜின்சியிடம்தான் கவனமாக இருக்கவேண்டும். நேற்று வீடியோவில் வந்தவள் அப்பனைப் பார்த்ததும் முகத்தை ஃபோனருகே கொண்டுவந்தாள், "அப்பச்சன் கண்ணு உள்ள போயிருக்கே அம்மே. மூத்திரம் என்ன கலர்ல போறாரு? நாக்கக் காட்டச் சொல்லுங்க." இரு, இங்க சிக்னல் சரியில்ல, என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பஞ்சை நனைத்து அவர் நாக்கில் இரண்டு இழுப்பு இழுத்து, உதட்டில் தேங்காயெண்ணெய் தடவி, மறுபடி ஃபோனை எடுத்துக் காட்டினாள். பளபளவென்று இருந்தது நாக்கு. "நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஜின்சி, நர்ஸ். லோனப்பன் அந்தப் பஞ்சை வாய்க்குள் பிடித்துவைத்துக்கொண்டு விடவில்லை, உறிஞ்சிக்கொண்டே ஃபோனையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார், இவள் இழுத்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. தா, என்றார் மகளிடம். "பாத்தியா, ஒன்னையே கேக்கறாரு," என்றாள் ரோசிலி. அங்கே ஜின்சி அழுதுவிட்டாள்.

ஏன் இப்படி... என்று கேட்டால் என்ன சொல்வது? அடித்தாரா, இல்லை. குடித்தாரா, ஈஸ்டருக்கு ஒரு கிளாஸ். வேறு பெண்கள், அதற்கும் காசு செலவாகுமே. பால் கவரைக் கிளிப்பிலிருந்து உருவி அடுக்கிக்கொண்டே ரோசிலி மனசுக்குள் தேடினாள், ஒரு பெரிய கொடுமை கிடைத்தால் நன்றாக இருக்கும், ஒரு சூடு, ஒரு கன்னத்தில் அறை, எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு இதற்குத்தான் என்று சொல்ல முடிந்தால்... ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் அவருடைய கட்டைவிரல்தான். சோப்பு தீந்துபோச்சு, காசு தாங்க. "போன மாசம் வாங்கினது அதுக்குள்ளயா? தண்ணில போட்டு வெச்சிருப்ப, ஊறிப் போயிருக்கும்," என்று பாதிக்காசு. ஜின்சி பரீட்சையில் எண்பத்தொன்பது வாங்கிவந்து நின்றால், "பத்து கேள்வி லேசாத்தான் கேட்டிருப்பான், அதத் தள்ளிட்டுப் பாரு." இவள் அப்பா செத்த அன்று போகவர பஸ் காசு கேட்டாள், தாங்க, அவர் பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுத்தார், போகிற காசு மட்டும். "வரும்போது ஒன் அண்ணனுங்க தரமாட்டானுங்களா?" அண்ணன்களிடம் கேட்க நாக்கு எழாமல், துக்க வீட்டிலிருந்து ஆறு மைல் நடந்து வந்தாள், வந்தவளைப் பார்த்து, "பாத்தியா, குடுத்தாங்கல்ல," என்றார், அவர் கணக்கு சரியாகிவிட்ட திருப்தியில் சாப்பிடப் போனார். அழக்கூட இல்லை அன்று. அழுதால் ஈரத்துக்குத் தள்ளிவிடுவாரோ என்னவோ... இவ்வளவுதான். இதற்கு எவ்வளவு போடலாம், நாளைக்கு எத்தனை டம்ளர்? எப்படிப் போட்டுப் பார்த்தாலும் தராசின் ஒரு தட்டு மேலேயே நின்றது. உள்ளே படுத்திருக்கிறவரின் வாய் திறந்து திறந்து மூடுவதற்கு ஈடாக அந்தச் சோப்பும் பஸ் காசும் போதவில்லை, அது ரோசிலிக்குத் தெரிந்தது. தெரிந்தும் பால் கவர்களை எண்ணினாள். பதினொன்று.

வண்டியின் மணி கேட்டது. கௌசு மட்டும் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள், மற்றவள் எதிர்வீட்டுக்குப் போனாள். ஸ்டிக்கரைப் படம் பிடித்து, பால் கவர்களை வாங்கிச் சாக்கில் போட்டு, மஞ்சள் கவரைத் தூக்கினாள். தூக்கின கை எதிர்பார்த்ததைவிட வேகமாக மேலே போய்விட்டது. கௌசு கவரைப் பார்த்தாள். தராசை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. கவரை இடது கையில் தொங்கவிட்டு, வலதுகைக் கட்டைவிரலால் அதன் வயிற்றில் ஓர் அமுக்கு அமுக்கினாள், மெதுவாக, பழம் பார்ப்பது போல.

"நல்லாக் காஞ்சிருக்கே சேச்சி," என்றாள் கௌசு.

"வெயில் காலம்ல... வேர்த்துப் போயிடுது."

"ஆமாமா. இந்த வருஷம் ரொம்பத்தான் காயுது." கௌசு அறைச் சன்னல் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கம்மா கட்டு கூட இவ்ளோ காஞ்சதில்ல. சரி, அத விடுங்க, ஒரு சந்தோஷ சமாசாரம் சொல்லட்டா? சேச்சி ஜெயிச்சுட்டீங்க."

"என்ன ஜெயிச்சேன்?"

"கூட்டத்துல பேசினீங்கல்ல. நெல்சன் அத மேல கொண்டுபோய்ட்டான். எழுந்திரிக்க முடியாதவங்க இருக்கற வீட்டுக்கு இனி எடை கெடையாது, காசும் கெடையாது. எத்தன கிலோ வேணாப் போகட்டும்." கோட்டுப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "இதுல பேரு எழுதி வெச்சிருங்க. திங்கக்கெழம வார்டு நர்ஸ் வருவாங்க, முதலாளிய நேர்ல பாத்து, செக் பண்ணிக் கையெழுத்துப் போடணும், அவ்ளோதான். ஊர் பூரா ஒங்களத்தான் வாழ்த்துது, பதினேழு வீடு தப்பிச்சுது ஒங்களால."

"வார்டு நர்ஸ் எதுக்கு? என் மகளே நர்ஸ்தானே."

"அயர்லாந்துலேருந்து கையெழுத்துப் போட முடியுமா சேச்சி?" கௌசு சிரித்தாள், அம்மாவைப் போலவே வாயைப் பொத்திக்கொண்டு, ஆனால் அவளுக்குப் பல் இருந்தது. கேட்டுக்கு வெளியே போனவள், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "திங்கக்கெழமதான் வருவாங்க. மூணு நாள் இருக்கு. நெறையக் குடுங்க." தாளோடு நின்ற ரோசிலிக்கு அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. கோபம் இல்லை. ஒரு கடையில் சேர்ந்து வேலை பார்க்கிறவள் இன்னொருத்தியைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மூன்று நாள்... வெள்ளி, சனி, ஞாயிறு. போதும், தாராளமாகப் போதும், ஆறு டம்ளர் வீதம் கொடுத்தால் நாக்கு ஊறிவிடும், கண் மேலே வந்துவிடும், திங்கட்கிழமை காலையில் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுவிட்டால் நர்ஸ் என்ன, அவள் பாட்டனே வந்தாலும்... தாளை மாதாவின் படத்துக்குப் பின்னால் சொருகினாள். இனிமேல் எடை கிடையாது. எத்தனை கிலோ வேண்டுமானாலும் போகலாம், பதினாலு, இருபது, யாரும் கேட்கமாட்டார்கள், இவளே வாதாடி வாங்கினது, நூறு பேர் கை தட்டி வாங்கினது. சமையலறைக்குப் போய்க் கண்ணாடி டம்ளரைக் கழுவி மேடையில் வைத்து, இளஞ்சிவப்புத் தண்ணீர் இருந்த ஜாடியைச் சாய்த்தாள். தண்ணீர் ஏறியது, கோட்டைத் தொட்டது, ஜாடி நிமிர்ந்துவிட்டது. இன்னும் ஊற்று, என்று ரோசிலி தனக்கே சொல்லிக்கொண்டாள், சத்தமாகவே சொன்னாள். இன்னும் பாதி ஜாடி இருக்கிறது, தண்ணீருக்கு என்ன பஞ்சம், கிணறு இருக்கிறது, குழாய் இருக்கிறது... ஊற்றலாம். ஊற்றத்தான் போகிறாள். இன்றைக்கு வெள்ளிதானே, நாளையிலிருந்து ஆரம்பித்தாலும் இரண்டு நாள், இரண்டு நாளில் நாக்கு ஊறாதா, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளே கூடப் போதுமாயிருக்கும்... அப்படியானால் கட்டணம் ஏறியே இருக்காவிட்டால்? நெல்சன் அந்தக் கூட்டத்தில் வாயே திறக்காமல் இருந்திருந்தால், அப்போதும் இந்தக் கோடு விழுந்திருக்குமா? டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் நின்றாள். போகலாம், பத்தடி தூரம்தான், ஆனால் கால் நகராததற்குக் காரணம் தண்ணீர் இல்லை என்று அப்போது தெரிந்தது, அவள் காது அறைப்பக்கமாகவே திரும்பியிருந்தது, தலை லேசாகச் சாய்ந்திருந்தது, பிடித்த பாட்டு வருவதற்கு ரேடியோ முன்னால் நிற்பது போல. நாற்பத்தைந்து வருஷம் தாங்க, தாங்க என்று கேட்டவள் அவர் தா என்பதை இன்னும் ஒரே ஒரு தடவை காதால் கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நின்றுகொண்டிருக்கிறாள், தினமும் இப்படித்தான் நின்றிருக்கிறாள், கிலோவும் அறுபது ரூபாயும் எங்கேயோ தூரத்தில் வண்டியோடு போய்க்கொண்டிருந்தன. சொல்லட்டும், சொன்னதும் போய்விடலாம். கடிகாரம் ஓடியது. எதிர்வீட்டில் கௌசு யாரிடமோ பேசிச் சிரித்தாள். அறையிலிருந்து சத்தம் வரவில்லை. "கேக்கறீங்களா?" என்றாள் ரோசிலி, இருந்த இடத்திலிருந்தே. டம்ளரில் தண்ணீர் கோட்டுக்கு மேலும் கீழுமாக லேசாக ஆடிக்கொண்டிருந்தது, அவள் காத்துக்கொண்டே இருந்தாள்.